காமினியின் பெயரில்

குணவதி அந்தப் பொய்யைத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை.

மகள் காமினி இறந்து ஆறு மாதமாகியும் அவளுடைய கைப்பேசியைத் தினமும் சார்ஜில் போட்டுவந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை ஃபேக்டரி வேலை முடிந்து ஜெலுத்தோங் ஃப்ளாட்டுக்குத் திரும்பி, சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அது சத்தம் போட்டது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள்.

"வணக்கம் காமினி. நீங்க கேட்ட பாதை ரெடியாகப் போகுது. திறக்கும்போது முதல் ஆளா நீங்கதான் வரணும். ஷஹீதா, வனக் கல்வி மையம்."

அந்த மையம் அவர்கள் வாழ்ந்த தீவின் மேற்குப் பக்கம், மலையடிவாரத்தில் இருந்தது. ஐந்து வருடங்களுக்கு முன், காமினி இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தில் இருந்தபோது, பள்ளியிலிருந்து அங்கே கூட்டிப் போனார்கள். ஏழு வயதிலேயே தசை நோய் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவள் அவள். மையத்தின் வாசலிலேயே முப்பத்தெட்டுப் படிகள். ஆசிரியை ஒன்றும் செய்ய முடியாமல் அவளை பஸ்ஸிலேயே விட்டுவிட்டுப் போனார். மூன்று மணி நேரம், டிரைவரும் அவளும். வீட்டுக்கு வந்து அழுவாள் என்று குணவதி பயந்தாள். அவள் அழவில்லை. "அம்மா, லேப்டாப்ப எடு," என்றாள்.

அன்று எழுத ஆரம்பித்தவள்தான். நாற்காலி திரும்பப் பாதை எவ்வளவு அகலம் வேண்டும், சரிவு எவ்வளவு இருக்கலாம், பலகைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம், எல்லாவற்றையும் படம் போட்டு அனுப்பினாள். முதலில் வந்ததெல்லாம் 'பரிசீலிக்கிறோம்' என்ற ஒரே பதில். பிறகு ஷஹீதா அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். ஒவ்வொரு கடிதத்துக்கும் உட்கார்ந்து பதில் எழுதினாள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. சென்ற மழைக்காலத்தில் காமினிக்கு நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனையில் நான்கு நாள். பத்தொன்பது வயது. மையத்துக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

'காமினி இப்போது இல்லை' என்று குணவதி தட்டினாள். அனுப்பும் இடத்தில் விரல் நின்றது. அழித்தாள். 'ரொம்ப சந்தோஷம் அக்கா' என்று தட்டி அனுப்பிவிட்டாள்.

பிறகு நிறுத்த முடியவில்லை. ஷஹீதா கேட்டுக்கொண்டே இருந்தாள்: பாதை ஓரத்துப் பட்டைக்கு மஞ்சள் நல்லதா வெள்ளை நல்லதா? உங்க நாற்காலி பேட்டரியா, கையால தள்ளுறதா? மகளின் பழைய கடிதங்களைப் புரட்டிப் புரட்டி, ஃபேக்டரி கேண்டீனில் சாப்பாட்டு நேரத்தில் குணவதி பதில் போட்டாள். அந்த அரை மணி நேரத்துக்காகவே அவள் வேலைக்குப் போவது போலாகிவிட்டது. இரண்டு மாதம் இப்படியே போயிற்று. பிறகு தேதி வந்தது: சனிக்கிழமை, காலை பத்து மணி.

கணவர் பழனியப்பனிடம், "நம்மளக் கூப்பிட்டிருக்காங்க," என்று மட்டும் சொன்னாள்.

"அவ இல்லாம நாம எதுக்கு?" என்றார் அவர். ஆனாலும் சனிக்கிழமை காலை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வழியில் சொல்லிவிட வேண்டும் என்று குணவதி நினைத்தாள். வளைவுக்கு வளைவு வாய்வரை வந்தது. ஒவ்வொரு வளைவும் தாண்டிப் போயிற்று.

கார் நிறுத்துமிடத்தில் முக்காடு போட்ட ஒரு பெண் வெயிலில் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். பக்கத்தில் ஒரு புதுச் சக்கர நாற்காலி. கார் நின்றதும் ஓடிவந்து பின்கதவைத் திறந்தாள்.

"காமினி எங்க, அக்கா?"

"வர முடியலம்மா."

"அச்சோ. உடம்பு சரியில்லையா? நேத்துகூட மெசேஜ் பண்ணாங்களே, கண்டிப்பா வரேன்னு?"

பழனியப்பன் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு எல்லாம் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"காமினி தவறி எட்டு மாசமாச்சும்மா," என்றார்.

ஷஹீதாவின் கை கதவிலேயே இருந்தது. அவள் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தாள்.

"நான்தான் பதில் போட்டேன்," என்றாள் குணவதி. "சொல்லிடணும்னுதான் பார்த்தேன். நீங்க அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க. வேற யாரும் இப்ப கூப்பிடுறதில்ல. மன்னிச்சிருங்க."

ஷஹீதா பின்னிருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். காமினி உட்காரும் இடம். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. பழனியப்பன் காரை விட்டு இறங்கி, யாரையும் பார்க்காமல் ஒரு மரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

கடைசியில் ஷஹீதா எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். "பாதையைப் பார்க்கிறீங்களா, அக்கா? பார்க்காம போயிடாதீங்க லா."

குணவதி இறங்கினாள். நாற்காலியைப் பார்த்தாள். "இதுல நான் உட்காரலாமா?"

உட்கார்ந்ததும் பின்னால் யாரோ பிடித்தார்கள். ஷஹீதா என்று நினைத்தாள். பழனியப்பன். பிரேக்கை விடுவித்துத் தள்ளினார். மேட்டில் சற்றுச் சாய்த்து, பலகை மாறும் இடத்தில் முன்சக்கரத்தைத் தூக்கி, பன்னிரண்டு வருடம் தள்ளிய கை தானாகவே தள்ளியது.

படிகளுக்குப் பக்கவாட்டில் சரிவு வளைந்து வளைந்து மேலே ஏறியது. பிறகு மரப்பலகைப் பாதை. இருபுறமும் கைபிடிக் கட்டை. தடவிப் படிக்கும் எழுத்தில் மரங்களின் பெயர்கள். ஈரமண் வாசனை. காமினி கேட்ட அகலம், கேட்ட சரிவு, ஓரத்தில் மஞ்சள் பட்டை. குணவதி ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே போனாள்.

ஒரு திருப்பத்தில் நிறுத்தி, "இதுதான் இங்கே ரொம்ப அழகான இடம்," என்றாள் ஷஹீதா. "ஆறு தெரியுதா?"

தண்ணீர்ச் சத்தம் கேட்டது. குணவதி கழுத்தை நீட்டினாள், குனிந்தாள். கண்ணுக்கு நேரே மேல்கட்டை இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு கட்டை.

"எனக்குக் கட்டைதான் தெரியுது."

"இல்லக்கா, நேரா பாருங்க..."

"நேராத்தான் பார்க்கிறேன்!" அவள் கட்டையைக் கையால் தட்டினாள். "நின்னு பார்க்கிறவங்களுக்கு ஆறு. எம்மவளுக்குக் கட்டை. இவ்வளவு தூரம் வந்து அவ இந்தப் பலகையைத்தானே பார்த்திருப்பா?"

ஷஹீதா நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். தன் தலையைக் குணவதியின் தலைக்குச் சமமாகக் கொண்டுவந்து பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "யாருமே உட்கார்ந்து பார்க்கல. மாத்தச் சொல்றேன், அக்கா. மாத்தாம விடமாட்டேன்."

பழனியப்பனும் நாற்காலிப் பிடியில் கையூன்றிக் குனிந்து பார்த்தார். குணவதிக்கு அது முதுகில் தெரிந்தது.

திரும்பும்போது கடலோரச் சாலையில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. பழனியப்பன் திட்டப்போகிறார் என்று குணவதி காத்திருந்தாள்.

"அந்த ஃபோன் பையிலயா இருக்கு?" என்றார்.

"ம்."

"என்ன எழுதின? படி."

அவள் முதலிலிருந்து படித்தாள். மஞ்சளா வெள்ளையா என்ற இடத்தில், 'எது உங்களுக்கு வசதியோ அது போதும் அக்கா' என்று எழுதியிருந்ததைப் படித்தபோது அவர் தலையை ஆட்டினார்.

"அவ இப்படி எழுதமாட்டா, குணா. எது வசதியோ போதும்னு அவ யார்கிட்டயும் சொன்னதில்ல. சண்டை போட்டிருப்பா."

"தெரியும்."

"ம்... மேல படி."

முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்ல ஓட்டினார். அவள் அடுத்ததைப் படிக்க ஆரம்பித்தாள்.