நிர்மலாதேவி வீட்டு விரிப்பு வளர்ந்த வரலாறு

நிர்மலாதேவியின் கட்டில் விரிப்பு முதன்முதலில் வளர்ந்தது, பாலக்கோட்டுப் பக்கம் தக்காளியை வாங்க ஆளில்லாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அன்று ஒரு சாண் வளர்ந்தது. வெள்ளை விரிப்பு, ஒற்றைக் கட்டில் அளவு, காரிமங்கலம் சந்தையில் வாங்கியது. அதே கடையில் வாங்கிய மற்ற விரிப்புகள் வளர்ந்ததாகத் தகவல் இல்லை.

நிர்மலாதேவி தர்மபுரியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்தில் நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்து, பார்த்து வைத்த மாப்பிள்ளைகளை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டவுனுக்கு வந்து ஒரு பழைய காரை வாங்கி எல் போர்டு மாட்டினாள். ஆண்களிடம் கற்றுக்கொள்ளப் பெண்களை அனுப்பத் தயங்கிய வீடுகள் அவளிடம் அனுப்பின. பத்து வருடத்தில் டவுனில் ஸ்டியரிங் பிடித்த பெண்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். அவளோடு ஒரே வீட்டில் இருந்தவள் தெரசா, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவள். வீட்டுக்காரர் வெங்கடாசலத்திடம் தோழிகள் என்று சொல்லியிருந்தார்கள். அவர் எப்போதாவது மாடிக்கு வந்தால் கண்ணில் படட்டும் என்று இரண்டாவது கட்டில் ஒன்றும் வாங்கிப் போட்டிருந்தார்கள். அதில் யாரும் படுத்ததில்லை. இஸ்திரி போடாத துணிகள் கிடந்தன.

ஒரே பாலினத்தவரின் காதல் குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன மறு வருடம், மாதத்துக்கு ஒரு ஞாயிறு அந்த வீட்டில் படம் போடும் பழக்கம் தொடங்கியது. பென்னாகரத்தில் செல்போன் பழுது பார்க்கும் பூவரசன் பழைய புரொஜெக்டர் ஒன்றைத் தட்டி உயிர் கொடுத்துக் கொண்டுவந்தான். காரிமங்கலத்தில் இட்லிக்கடை வைத்திருந்த திருநங்கை கலைமணி பெரிய தூக்குவாளியில் சுண்டல் கொண்டுவந்தாள். திரை வேண்டுமே என்று கட்டிலில் இருந்த விரிப்பை உருவிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். ஜன்னல்களைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து, ஏழெட்டுப் பேர் வியர்த்துக்கொண்டு படம் பார்த்தார்கள். படங்களில் அவர்களைப் போன்றவர்கள் காதலித்தார்கள், சண்டை போட்டார்கள், வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைந்தார்கள். படம் முடிந்ததும் யாருக்குப் பேசத் தோன்றுகிறதோ அவர்கள் பேசலாம் என்பது ஏற்பாடு.

முதலில் பேசியவர் தீர்த்தகிரி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், பேரன் பேத்தி எடுத்தவர். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்க பஸ்ஸு டிரைவர் கிருஷ்ணப்பன்னு ஒருத்தருங்க. இருபத்தெட்டு வருசம் ஒரே ரூட்டு. அவரு செத்தப்ப நான் எழவு வூட்ல மத்தவங்க மாதிரி மாலை போட்டுட்டு வந்துட்டேன். அழுவக்கூட உரிமையில்லாம போச்சு." கலைமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்கைப் போட்டபோது, தரைக்கு மேலே நின்றிருந்த விரிப்பின் அடி ஓரம் தரையில் படிந்து கிடந்தது. ஆணி கழன்றதோ என்று பூவரசன் பார்த்தான். கழலவில்லை.

அதன்பின் யாராவது இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்ன ஞாயிறுகளில் எல்லாம் அது வளர்ந்தது. அரூரிலிருந்து வந்த கல்லூரி ஆசிரியர் பேசிய அன்று ஒரு முழம். கணவனுக்குத் தெரியாமல் வந்துபோன ஒரு பெண் தன் பெயரை மட்டும் சொன்ன அன்று இரண்டு முழம். கொரோனா வந்து யாரும் வெளியே போகாமல் இருந்த நாட்களில் நூல்கூட வளராமல் பீரோவுக்குள் கிடந்தது; திரும்பக் கூடிய அன்று விட்டதற்கும் சேர்த்து வளர்ந்து பீரோக் கதவைப் பெயர்த்தது. இதையெல்லாம் அவர்கள் பெரிதாக ஆராயவில்லை. துவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த வீட்டில் குடியிருந்த இருவர் மட்டும் எந்த ஞாயிறும் எதுவும் சொன்னதில்லை. நிர்மலா புரொஜெக்டரைக் கவனிப்பாள், தெரசா டீ கொடுப்பாள். தங்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்தானே, தனியாக என்ன சொல்வது என்று இருந்துவிட்டார்கள்.

ஒருநாள் விரிப்பு கதவிடுக்கு வழியாக இறங்கி மாடிப்படியில் பாதி தூரம் வந்துவிட்டது. வெங்கடாசலம் அதன் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே மேலே ஏறி வந்தார். உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் நின்று பார்த்தார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க, கீழ் வூட்ல குடும்பம் இருக்குது" என்று சொல்லி, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார். வேறு வீடு கிடைத்தது. ஆனால் அந்த விரிப்பைத் தொங்கவிடும் உயரம் எந்த வீட்டிலும் இல்லை. கல்யாண மண்டபங்களைக் கேட்டார்கள். என்ன படம் என்று கேட்கும் வரை தேதி இருந்தது. சொன்னதும் தேதி இல்லாமல் போனது. மூன்றாவது மண்டபத்தின் படியிறங்கும்போது நிர்மலா சொன்னாள், "மூடுன எடத்துக்குள்ள இனிமே இது அடங்காது. வர்ற ஜூன்ல என் கிரவுண்ட்லயே போட்டுக்கலாம். பஸ் ஸ்டாண்டுல இருந்து பேரணியா எடுத்துக்கிட்டுப் போவலாம்."

அவள் மாணவிகளுக்கு எட்டுப்போடக் கற்றுக்கொடுக்கும் பொட்டல் நிலம் அது. சென்னைக்காரர்கள் வருடா வருடம் வானவில் பேரணி நடத்துகிறார்கள், தர்மபுரிக்கு என்ன குறைச்சல் என்று கலைமணி உடனே சம்மதித்தாள். தெரசா சம்மதிக்கவில்லை. அன்று தொடங்கிய சண்டை மாதக்கணக்கில் நீண்டது. "உனக்கு சொந்தத் தொழில், நீ பேசுவ. நாளைக்கு ஆஸ்பத்திரியில என்னைப் பார்க்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? எங்க அண்ணனுங்க மாதா கோயிலுக்கு எப்படிப் போவாங்க?" என்றாள். நிர்மலாவின் அண்ணன் மாதேஷ் போன் செய்து, ரோட்டில் அவள் முகம் தெரிந்தால் அம்மா சாவுக்குக்கூட வரக்கூடாது என்று சொல்லியிருந்தார். நிர்மலா இரண்டு பேரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள்: "நான் போவேன்." போலீஸ் அனுமதிக்கு அவளே போனாள். காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தாள். மறுபடி வரச் சொன்னார்கள், போனாள். அங்கே இருந்த பெண் காவலர் ஒருவருக்குக் கிளட்ச்சை மெதுவாக விடச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான் என்பதால் உட்கார நாற்காலியாவது கிடைத்தது. கடைசியில் அனுமதியும் கிடைத்தது. பேரணி அன்று காலையில் தெரசா, "நான் டூட்டிக்குப் போறேன்" என்றாள். நிர்மலா அவளுக்கும் சேர்த்துத் தோசை ஊற்றி மூடி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

முப்பது சொச்சம் பேர் வந்திருந்தார்கள். விரிப்பைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நாலு ரோட்டில் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான், பறையடித்தவர்கள் இன்னும் ஓங்கி அடித்தார்கள். தீர்த்தகிரி தன் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். சேலம் ரோட்டில் திரும்பியபோது பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. நிர்மலாவிடம் கற்றுக்கொண்ட பெண்கள், வெள்ளைக் கார், சிவப்புக் கார், பால் டிப்போ வேன் என்று வரிசையாக, முதல் கியரில், அவள் சொல்லிக்கொடுத்த இடைவெளி விட்டு வந்துகொண்டிருந்தார்கள். பேரணி எதற்கு என்பது அவர்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. நிர்மலாக்கா நடக்கிறாள் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். திரும்பிப் பார்த்த நிர்மலா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இண்டிகேட்டரைப் போடுங்கடி" என்று கத்தினாள்.

கிரவுண்டில் விரிப்பின் ஒரு தலைப்பை இரண்டு புளியமரங்களுக்கு நடுவே உயர்த்திக் கட்டினார்கள். மிச்சத்தைத் தரையில் பரப்பி, அதன்மேலேயே உட்கார்ந்தார்கள். வெயில் இறங்கும் நேரத்தில் மாதேஷ் அரிவாளோடு வந்தார். யாரையும் வெட்ட வரவில்லை. துணியை வெட்ட வந்தார். செருப்போடு விரிப்பின் நடுவுக்குப் போய்க் குனிந்து அறுக்கத் தொடங்கினார். நான்கு பேர் எழுந்து அவரைப் பிடிக்க ஓடினார்கள். நிர்மலா அவர்களைத் தடுத்துவிட்டு, அண்ணனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"மானம் போச்சுடி. ஊருக்குள்ள தலை காட்ட முடியல."

"அறுத்துக்கண்ணா. அறுத்தா நாளைக்குத் தச்சுக்குவேன். மறுபடி அறுத்தா மறுபடி தச்சுக்குவேன். என்னாத்துக்கு வேர்க்க விறுவிறுக்க நிக்கற? தண்ணி வேணுமா?"

அவர் அறுத்துக்கொண்டே இருந்தார். துணி கிழியும் சத்தம் கிரவுண்டு முழுக்கக் கேட்டது. அப்போதுதான் சாலையோரம் ஆட்டோ ஒன்று நின்றது. ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் தெரசா இறங்கி வந்தாள். சோதனை அறையில் அடுத்தவர் நெஞ்சுக்குள் இருப்பதைப் படமெடுத்துக்கொண்டே நிற்க முடியவில்லை என்று பிற்பாடு சொன்னாள். விரிப்பின் ஓரத்தில் நின்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் தெரசா. இது எங்க கட்டில் விரிப்பு. நானும் நிர்மலாவும் பதினோரு வருசமா குடித்தனம் பண்றோம். தோழிங்கன்னு சொன்னது பொய்."

விரிப்பு வளர்ந்தது. அறுபட்ட இடம் மூடிக்கொண்டது, மரங்களுக்கு இடையிலிருந்த தலைப்பு கிளைகளைத் தாண்டி உயர்ந்தது, தரையிலிருந்தது கிரவுண்டைக் கடந்து பக்கத்துச் சோளக்கொல்லையின் வரப்பு வரை ஓடியது. நிர்மலா தெரசாவை நோக்கி நடந்தாள். அவளுக்கு அந்தத் தூரம் எப்போதும் போலத்தான் இருந்தது. மாதேஷ் சாலைப் பக்கம் திரும்பி நடந்தார். அவருக்கு விரிப்பின் ஓரம் வரவேயில்லை. வேகமாக நடந்தார், பிறகு மெதுவாக நடந்தார். சுற்றிலும் வெள்ளையாக இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். இருட்டத் தொடங்கியதும் பூவரசன் படத்தைப் போட்டான். செல்போனில் அவனே எடுத்த படம்: ஓடும் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து தீர்த்தகிரி, கிருஷ்ணப்பனைப் பற்றிப் பேசுகிறார். அந்தக் குரலைக் கேட்டு மாதேஷ் நின்றார். பள்ளிக்கூடம் போன காலமெல்லாம், படியில் தொங்கியதற்கு அவரை அதட்டிய குரல். சுண்டலோடு வந்த கலைமணியிடம், "இவரு நம்ம ரூட் கண்டக்டராச்சே" என்றார்.

"ஆமாங்கண்ணா. உக்காந்து பாருங்க. முடியட்டும், அப்புறம் நடக்கலாம்."

அவர் உட்கார்ந்தார். படம் முடியும் வரை சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. முடிந்ததும் எழுந்தார், நாலைந்து அடியில் விரிப்பு முடிந்து மண் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தெரசாவின் வேலை போகவில்லை. இரண்டு மாதம் யாரும் அவளோடு சாப்பிட உட்காரவில்லை, பிறகு உட்கார்ந்தார்கள். அவள் அண்ணன்மார் இன்றுவரை பேசுவதில்லை. தீர்த்தகிரி மறு வருடம் காலமானார். அவர் வீட்டார் கேட்டுக்கொண்டதால் அந்தப் படம் அவர் பதினாறாம் நாளன்றும் போடப்பட்டது. பேரணி வருடா வருடம் நடக்கிறது, அன்று சேலம் ரோட்டில் பஸ்களைத் திருப்பிவிடுகிறார்கள். விரிப்பு இப்போதும் வளர்கிறது. வருடத்துக்கு ஒரு முறை, தை மாதத்தில், லாரியில் ஏற்றித் தொப்பையாற்றுக்குக் கொண்டுபோய்த் துவைக்கிறார்கள். காயப்போடத்தான் இடம் போதவில்லை. போன வருடம் பொங்கல் கழிந்த வாரத்தில் நிர்மலாவுக்கு மாதேஷிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை. "ராகி அறுத்த கொல்லை சும்மா கெடக்குது. துணி காயப்போடறதுன்னா போட்டுக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

போட்டார்கள். விரிப்பு மூன்று கொல்லையைப் பிடித்தது. காற்றுக்குத் தூக்காமல் இருக்க மாதேஷ் அதன் ஓரமாகக் கல் தூக்கி வைத்துக்கொண்டு போனார். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்று, இது என்னாங்க என்று கேட்டார்.

"தங்கச்சி வூட்டுக் கட்டில் விரிப்பு" என்றார் மாதேஷ். "ஆட்டை அந்தப் பக்கமா ஓட்டிக்கிட்டுப் போங்க, ஈரமா இருக்குது."