கார்டைக் கொடுத்தது யார்

சம்பளத்தன்று தோட்டத்து லயக் குடியிருப்பே டவுனுக்குக் கிளம்பினால் அத்தனை பேருக்கும் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலிதான் விழும். அதனால் மெசினில் காசு எடுக்க ஒருத்தி மட்டும் போவாள். கையில் எல்லோருடைய கார்டும் இருக்கும், மனசில் எல்லோருடைய இரகசிய நம்பரும் இருக்கும். வருடக்கணக்கில் அந்த ஒருத்தி சிவசக்திதான்.

இன்று அவள் பதுளை வங்கியில் அதே லயத்து இராக்கம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இராக்கம்மா ஆயுசு முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறித்துச் சேர்த்த ஓய்வுக்காலச் சேமலாப நிதியைக் கொழும்பு ஏ.டி.எம். மெசினில் எவனோ வழித்தெடுத்துவிட்டான். கார்டு என்னவோ இராக்கம்மாவின் இடுப்பில்தான் இருந்தது.

அதிகாரி முஸ்தாக் கணினித் திரையைத் திருப்பினார். கொழும்பு மெசின் முன்னால் ஹெல்மெட் போட்ட ஒருவன் தெரிந்தான். அடுத்த படத்தில், பசறை மெசின் முன்னால் சிவசக்தி.

"இவன் கள்ளக் கார்டு செஞ்சிருக்கான். ஆனா நம்பர் இல்லாம ஒரு சதமும் எடுக்க ஏலாதும்மா. இந்தப் புள்ள யாரு?"

"தெரியலையா? பக்கத்துலதான் குத்துக்கல்லாட்டம் இருக்கா. காசு வந்திருச்சான்னு பாக்கப் போனா."

"நீங்க குடுத்தீங்களா, கேக்காம எடுத்தாளா? நீங்களே குடுத்திருந்தா நாங்க பொறுப்பில்ல. கேக்காம எடுத்தாண்டு எழுதித் தந்தா பொலிஸ் விசாரிக்கும். காசு வர வழியிருக்கு."

"பெரியம்மா, நான்..."

"நீ வாய மூடுடி." இராக்கம்மா அதிகாரியை முறைத்தாள். "ஏன் தம்பி, எது கள்ளக் கார்டுன்னு ஒங்க மெசினுக்கே தெரியல. அதுக்கு ஒரு கேள்வியும் இல்லையா?"

"அது வேற. நம்பருக்கு நீங்கதாம்மா பொறுப்பு."

'எடுத்தா' என்று ஒரு வார்த்தை போதும். பொலிஸ் ஜீப் லயத்து வாசலுக்கே ஏறிவிடும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கும். இராக்கம்மா திரையையே வெறித்தாள். கொழுந்துக்கறை ஏறிய விரல்கள் மேசை விளிம்பைப் பற்றியிருந்தன.

"குடுத்தேன்," என்றாள் கடைசியில். "நான்தான் குடுத்தேன். எழுதிக்க."

கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வெளியேறினாள். பஸ் நிலையத்தில் சிவசக்தி அழுதபடி அவள் கையைப் பிடித்தாள். இராக்கம்மா உதறினாள்.

"அழுவாத. நான் குடுத்தத நீ எடுத்தேன்னு எழுத எனக்கு வரல, அவ்வளவுதான். நீ எவனுக்காச்சும் நம்பரச் சொன்னியா இல்லையான்னு எனக்கென்ன தெரியும்?"

"சத்தியமா இல்ல பெரியம்மா!"

பசறை பஸ் வந்தது. இராக்கம்மா முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் குடையைக் கிடத்தினாள். சிவசக்தி நின்றுகொண்டே வந்தாள்.