ஜோசலினின் கார்

பிப்ரவரி பிறந்தால் எங்கள் வடகோடிப் பனி ஊரான ஃபேர்பேங்க்ஸில் மாநாட்டுக் கூட்டம் வந்து இறங்கிவிடும். கழுத்தில் பெயர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, உறைந்த மண்ணில் பாலம் கட்டுவது எப்படி என்று காலையெல்லாம் பேசுவார்கள். மத்தியானம் ஊர் பார்க்கக் கிளம்புவார்கள். பனிச் சிற்பம், வெந்நீர் ஊற்று, அப்புறம் எங்கள் நாய்ப் பண்ணை. என் கணவன் ஓடெல் நாய்வண்டியில் ஒரு சுற்று கூட்டிப்போவான். நான் கலைமான் சூப் கொடுத்துவிட்டு, கொதிக்கிற வெந்நீரை மேலே வீசிக் காட்டுவேன். அது கீழே விழாமல் புகையாகப் போகும். எல்லோரும் ஆவென்று போட்டோ எடுப்பார்கள். ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வருவதில்லை. அதுதான் மரியாதை.

ஜோசலினுக்கு அந்த மரியாதை கிடையாது. அரிசோனாக்காரி, என்ஜினியர். மூன்றாவது வருஷமாக வருகிறாள். இந்தத் தடவை பஸ்ஸில் மற்றவர்களோடு வராமல் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு தனியாகவே வந்தாள். முந்தின நாளே ஓடெல் தாடியைத் திருத்திக்கொண்டான். எங்கள் கல்யாணத்துக்குக்கூடத் திருத்தாத தாடி அது.

இறங்கியதும் அவள் காரின் மூக்கில் தொங்கிய பிளக்கை எடுத்து, எங்கள் சுவரிலிருந்து வரும் வயரில் தானாகவே மாட்டினாள். இந்தக் குளிரில் அப்படிக் கரண்டில் மாட்டி என்ஜினைச் சூடாக வைக்காவிட்டால் அது விறைத்துப்போகும். வெளியூர்க்காரர்களுக்கு அதைப் பத்துத் தடவை சொல்ல வேண்டும்.

"பாத்தியா வெர்னா! சொல்லாமலே மாட்டறா. நம்ம ஊர் பொண்ணாவே ஆயிட்டா!" என்றான் ஓடெல்.

"நீங்கதான் ஒரு தடவகூட எங்க ஊருக்கு வரல ஓடெல். வெயில்னா என்னன்னு காட்டறேன்."

"அதுக்கென்ன, வந்தா போச்சு!"

வந்தா போச்சாம்! ஆங்கரேஜில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு வரச் சொன்னால் நாய்களை யார் பார்ப்பது என்பான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று என்னிடம் ஊமையாக இருப்பவன், அவளிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நாய்களை வண்டியில் பூட்டினான். வண்டியின் பின்கட்டையில் நின்று ஓட்ட என்னை விடுவதற்கு அவனுக்கு இரண்டு குளிர்காலம் ஆயிற்று. அவளை அன்றைக்கே ஏற்றிவிட்டான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஆற்றுப் பக்கம் போனார்கள். இவன் என் கையைவிட்டுப் போய்விடுவான் என்று முதல்முறையாகப் பயந்தேன்.

நம்ம ஊர் பொண்ணாம். நம்ம ஊர் பொண்ணு பிளக் மாட்ட மறப்பாளா? மறந்தாள் என்று ஆகட்டும். அசடு வழியட்டும். நேரே போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பி வந்து சூப்பைக் கிளறினேன்.

அவர்கள் திரும்பி வந்து, சூப் குடித்து, பேசிப் பேசி அந்தியாகிவிட்டது. அப்புறம்தான் ஜோசலின் பதறி எழுந்தாள். சாயங்காலக் கூட்டத்தில் அவள்தான் பேச வேண்டுமாம். ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினாள். கார் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிவிட்டது.

"மாட்டினேனே! நான் மாட்டினேனே ஓடெல்!"

"மறந்திருப்பீங்க. வெளியூர்க்காரங்க எல்லாருக்கும் நடக்கறதுதான்," என்றேன் நான், தேன் ஒழுக.

ஓடெல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வயர் அங்கே வட்டமாகச் சுருட்டி ஆணியில் அழகாக மாட்டியிருந்தது. பனியில் கிடந்தால் வயர் விறைத்து ஒடிந்துவிடும் என்று தினமும் காலையில் நான் மட்டும் செய்கிற வேலை. அன்றைக்கும் கை தன்பாட்டுக்குச் செய்திருக்கிறது. என் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் கொண்டுபோய் விடறேன். நீ நாய்ங்களப் பாரு," என்றேன் அவசரமாக.

அவன் என் அருகில் வந்தான். அவளுக்குக் கேட்காதபடி சொன்னான். "இந்தக் குளிர்ல ஒரு ஆள உன்ன நம்பி அனுப்ப முடியாது, வெர்னா."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் கத்தவில்லை. போய், கொட்டகை வயரில் மாட்டியிருந்த தன் லாரியைக் கிளப்பினான். சண்டைக்காரனின் கார் பிளக்கைக்கூட இங்கே யாரும் தொட மாட்டார்கள். இந்தக் குளிரில் வண்டி கிளம்பாமல் போனால் ஆள் பிழைக்காது.

லாரியில் ஹீட்டர் சரியில்லை. ஜோசலின் போட்டிருந்தது ஊருக்குள் போடுகிற மெல்லிய கோட்டு. அதோடு அவளை அனுப்பினால் நான் மனுஷியே இல்லை. என் சிவப்புக் கோட்டை எடுத்து நானே அவளுக்கு மாட்டி, அதன் தொப்பியை இழுத்து முகத்தை மூடிவிட்டேன்.

"உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு!" என்று கட்டிக்கொண்டாள்.

என் இடத்தில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். லாரி கிளம்பியது. பின் கண்ணாடியில் ஓடெலின் தலை, பக்கத்தில் சிவப்புத் தொப்பி. பார்க்கிறவர்கள் நானும் அவனும் போகிறோம் என்றுதான் நினைப்பார்கள்.