இருபத்தெட்டு இன்ச் டியூப்

திருவரங்குளத்தில் வீடு வீடாக இட்லி மாவு விற்கும் செவந்தியின் சைக்கிள், போன ஆடி மாதம் வளர ஆரம்பித்தது. நெல்லே சரியாக வளராத வருஷத்தில் சைக்கிளாவது வளர்கிறதே என்று ஊர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தப்பு செவந்தியுடையதுதான். பஞ்சரான டியூபை மாற்றப் போனபோது, சைக்கிள் கடை ராக்கன் டயரின் விலாவில் அச்சடித்திருந்த இருபத்தாறைத் தொட்டுக் காட்டி, "இந்த நம்பரப் பாத்துத்தாங்க்கா டியூப் எடுக்கணும்" என்று சொல்லத்தான் செய்தான். ஆனால் செவந்திக்கு எதையும் அளவாக எடுத்துப் பழக்கமில்லை. மகளின் யூனிபாரம் முதல் புருஷன் குழந்தைசாமியின் தீபாவளிச் சட்டை வரை ஒரு சைஸ் கூடத்தான். வளர்கிற உடம்பு என்பாள். குழந்தைசாமிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இன்னும் முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் திரிகிறார்.

"இருபத்தெட்டே போடு தம்பி. போகப்போகச் சரியாயிரும்."

சரியாகிவிட்டது. உள்ளே மடிந்து கிடந்த டியூப் நிமிர நிமிர டயர் விரிந்தது, ரிம் விரிந்தது, டயரிலிருந்த எண்ணும் இருபத்தெட்டாயிற்று. அடுத்த பஞ்சருக்கும் அவள் கூட்டியே கேட்க, ராக்கன் இரண்டு டியூபை ஒட்டிக் கொடுத்தான். புரட்டாசியில் மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியில் நின்றபடியே மாவு வாங்கினார்கள். கீழ்வீடுகளுக்குத்தான் பாடு. ஏறுவதும் இறங்குவதும் பஸ் ஸ்டாப் கூரை வழியாக என்பதால், அவள் இறங்கி நடந்து வருவதற்குள் வெயிலேறி மாவு புளித்துவிடும்.

"நாங்க கடையில பாக்கெட் மாவே வாங்கிக்கிறோம்க்கா!" என்று கீழ்வீட்டுப் பரிமளா ஒருநாள் அண்ணாந்து கத்தினாள். அந்த மாவில்தான் செவந்தி வீட்டு அடுப்பே எரிந்தது.

அன்றே வெட்கத்தை விட்டு ராக்கனிடம் போய், "இருபத்தாறே குடு" என்றாள்.

"டயர்ல அந்த நம்பர் இல்லையேக்கா."

"என் காலுக்கு அந்த நம்பர்தான்யா."

சின்ன டியூபை எப்படியோ இழுத்து மாட்டினான். முதல் துவைப்பில் பருத்திச் சேலை சுருங்குவதுபோல் சைக்கிளும் சுருங்கியது. கால் தரையில் பட்டது. பரிமளாவும் பாத்திரத்தோடு திரும்பி வந்தாள்.

புத்தி வந்த சூட்டில், அந்தத் தீபாவளிக்குக் குழந்தைசாமிக்கு அளவெடுத்ததுபோல் சட்டை எடுத்தாள். அவர் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் வெகுநேரம் நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு. அப்ப, இனிமே நான் வளர மாட்டேனா செவந்தி?"

செவந்தி சட்டையைக் கழற்றச் சொன்னாள். சாயங்காலமே கடைக்குப் போய் ஒரு சைஸ் கூட்டி மாற்றிக்கொண்டு வந்தாள்.

பொங்கலுக்குள் சட்டை சரியாகிவிட்டது. குழந்தைசாமி இப்போது நிலைப்படியில் குனிந்துதான் நுழைகிறார்.