இரண்டாம் குழு

ஜோஸ்லின் அக்காவின் ஆராய்ச்சிக்காக எங்கள் கல்லூரி ஓட்டப்பந்தய வீராங்கனைகள் முப்பது பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழு பன்னிரண்டு வாரம் தினமும் யோகா செய்ய வேண்டும். இரண்டாம் குழு யோகாவைத் தொடவே கூடாது. முடிவில் இரு குழுக்களையும் அளந்து ஒப்பிட்டு, ஜூன் மாதத்துக்குள் அக்கா ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

எனக்கு இரண்டாம் குழு. விடுதியில் என் அறைத்தோழி சோபியாவுக்கு முதல் குழு.

மூன்றாம் வாரம் ஒரு மாலை, அறையில் பயிற்சி செய்துகொண்டிருந்தவள் கேட்டாள்: "ஏண்டி உஷா, கரண்டு கம்பமாட்டம் நின்னு பாத்துட்டே இருக்கற? குனிஞ்சுதான் பாரேன்!"

விளையாட்டாகத்தான் குனிந்தேன்; பிறகு தினமும் அவளோடு சேர்ந்து செய்தேன். இரண்டு வருடமாகத் தொடையின் பின்புறம் என்னை இழுத்துப் பிடித்திருந்த இறுக்கம் சில வாரங்களில் மெல்ல விட்டது. ஓடும்போது என் கால்கள் வேறு யாருடையவோ போல இருந்தன. நிறுத்த மனம் வரவில்லை.

கடைசியாக அளவெடுக்கும் நாள். கால்களை நீட்டி உட்கார்ந்து, பாதங்களை மரப்பெட்டியில் பதித்து, மேலிருக்கும் அளவுகோலில் விரல்களை முன்னே தள்ள வேண்டும். முதல்முறை நான் எட்டியது பத்தொன்பது சென்டிமீட்டர். இப்போது இருபதில் நிறுத்திக்கொண்டேன்.

அக்கா பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"மூச்சுகூட வாங்கல நீ. இன்னும் குனி."

"அவ்வளவுதானுங்க்கா."

"உஷா."

குனிந்தேன். முப்பத்தொன்று.

"சோபியாகிட்டக் கத்துக்கிட்டேனுங்க்கா. இருபதுன்னே எழுதிக்கோங்க. இல்லாட்டி உங்க ஆராய்ச்சி கெட்டுப்போயிருமுங்க."

அக்கா வரிசையில் நின்ற மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "திட்ட மாட்டேன். ரெண்டாவது குழுவுல வேற யாரெல்லாம் செஞ்சீங்க?"

ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. மொத்தம் ஆறு. எல்லாரும் விடுதிப் பெண்கள்.

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன்; அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"ஒரே ரூம்ல இருக்கறவங்களை ரெண்டு குழுவாப் பிரிச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். ஜூன்ல எங்க குடுக்கறது? முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"யாருக்கும் தெரியாதுல்லீங்க்கா..." என்றேன்.

"எனக்குத் தெரியுமே."

என் பெயருக்கு நேரே முப்பத்தொன்று என்று எழுதினாள். பக்கத்தில் 'யோகா செய்தவர்' என்று குறித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அடுத்தது யாரு? வாடி. முழுசாக் குனி."