நாற்பத்து மூன்று விதிகளும் ஒரு மஞ்சள் துணியும்

1

ஒரு பத்திரிகைக்காரர் என்னிடம் கட்டுரை கேட்டார். வெளிநாடு போகிறவர்கள் நோய் நொடியில்லாமல் போய்த் திரும்புவது எப்படி என்று ஆயிரம் சொல்லில் எழுத வேண்டுமாம். ஒத்துக்கொண்டேன். மூன்று நாள் யோசித்தும் எனக்குத் தெரிந்தவை இரண்டே: கொதித்தாறிய தண்ணீரைக் குடி, கையைக் கழுவு. மிச்சம் தொள்ளாயிரத்துச் சொச்சம் சொல்லுக்கு எங்கே போவது? எல்லாம் தெரிந்த ஒருவரைக் கற்பனை செய்து, பாரத்தை அவர் தலையில் இறக்கிவிட்டேன். இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். பத்திரிகைக்காரர் இன்னும் கட்டுரைக்காகக் காத்திருக்கிறார். பார்த்தால் நான் ஊரில் இல்லை என்று சொல்லுங்கள்.

2

முதல் தொடக்கம்: "கடல் பொங்கியது. கப்பலின் மேல்தளத்தில் ஜுனைதீன் நானா நெஞ்சை நிமிர்த்தி—"

(நிறுத்தினேன். ஜுனைதீன் நானா இருப்பது இலங்கை மலையகத்தில், பதுளைக் கடைத்தெருவில்; அங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். வருஷம் 1909 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில்கூடப் பண்டாரவளையோடு களைத்து நின்றுவிடுகிற காலம். கடலை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.)

இரண்டாம் தொடக்கம்: "பசுமை போர்த்த ஊவா மலைகளிடையே வெண்முகில்கள் தவழ—"

(முகில் தவழ்ந்து முடிவதற்குள் வாசகர் தூங்கிவிடுவார்.)

மூன்றாம் தொடக்கம்: ஜுனைதீன் நானாவுக்கு வயிறு சரியில்லை.

இது நிற்கும்.

3

துணிக்கடை அவருடைய தொழில். அவருடைய மகிமை வேறு. 'சமுத்திரப் பிரயாண தேக சுகாதார சிந்தாமணி' என்ற நாற்பத்தெட்டுப் பக்க நூலை எழுதி, கண்டியில் கொடுத்து அச்சடித்தவர் அவர். மொத்தம் நாற்பத்து மூன்று விதிகள். விதி 9: அந்நிய தேசத்தில் வெட்டி வைத்த பழத்தைப் பார்க்கவும் கூடாது.* விதி 17: தொற்றுநோய் கண்ட கப்பலில் மஞ்சள் கொடி பறக்கும், கண்டவர் இருபது முழம் விலகி நிற்க.

துணி வாங்கியவர்களுக்கு நூல் இனாம். வாங்காமல் தெருவோடு போனவர்களுக்கும் இனாம். மறுநாள் கேள்வி கேட்பார் என்பதால் கடைத்தெருவே அதைப் படித்திருந்தது.

(* பார்த்தால் என்ன ஆகும் என்று நூல் சொல்லவில்லை.)

இவரை முழுக் கோமாளியாக்கிவிட்டுக் கதையை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது பார்த்து அவருடைய மனைவி ஸித்தி ஸுபைதா கதைக்குள் வந்துவிட்டாள். ஒன்பது வருஷமாக ஹஜ்ஜுக்குப் போகக் காத்திருப்பவள். கணவன் துணையில்லாமல் போக முடியாது. கணவனோ வருஷத்துக்கு ஐந்தாறு புது விதிகளைக் கண்டுபிடிப்பார். அவற்றை எழுதி முடிப்பதற்குள் கப்பல் போய்விடும். நானாவுக்குக் கடல் என்றால் குலை நடுக்கம். அதை மனைவியிடம்கூடச் சொல்ல நாக்கு எழாமல்தான் இத்தனை பேனாவேலை.

இந்த வருஷம் அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பெட்டியைக் கட்டி நடுக்கூடத்தில் வைத்தாள்.

"விதியெல்லாம் முடிஞ்சா? முடியாட்டி மிச்சத்தக் கப்பல்ல எழுதுங்க."

திங்கட்கிழமை விடியலில் பண்டாரவளைக்குக் குதிரைவண்டி. வியாழக்கிழமை கொழும்பில் கப்பல். ஏறுவதற்குமுன் ஒரு டாக்டர் ஒவ்வொருவரையும் பார்ப்பார். காலராக் காலம். வயிறு போகிறது என்று சந்தேகம் தட்டினாலே ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

4

ஹஜ்ஜுக்குப் போகிறவரைச் சும்மா அனுப்பிவைக்க என் கதையின் பதுளைக்கு மனம் வராது. வீட்டுக்கு வீடு விருந்து. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் நெய்ச்சோறு உண்ண வேண்டும். நிறுத்தினால் வீட்டுக்காரருக்கு அவமானம். பதினொரு நாளில் நானா பத்தொன்பது வீடுகளைக் கடந்திருந்தார். பத்தொன்பதாவது, பலசரக்குக்கடை மர்ஸூக்கின் வீடு. அங்கே கடைசியில் வந்தது வட்டிலப்பம், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்த இனிப்பு.

"இன்னுங் கொஞ்சம் வட்டிலப்பம், நானா."

"போதும் மர்ஸூக். விதி நாலுல மிதமாத் திங்கோணுமெண்டு—"

"அது வெளிநாட்டுக்குத்தானே? இது நம்மட ஊரு."

நானா யோசித்துப் பார்த்தார். வாதத்தில் ஓட்டை இல்லை. நூலின் தலைப்பிலேயே சமுத்திரம் இருந்தது. மர்ஸூக்கின் வீட்டில் கிணறு மட்டும்தான்.

"அஸீஸ் வீட்டுல ரெண்டு துண்டு திண்டீங்களாமே, நானா. எங்கட வட்டிலப்பம் மட்டமா?"

மூன்று துண்டு தின்றார்.

அன்று சனிக்கிழமை. அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு வயிறு கலகம் தொடங்கியது. அதன் விவரங்களை எழுதி, அடித்துவிட்டேன். உங்களுக்கும் வயிறு உண்டு.

5

ஞாயிறு காலை ஸுபைதா அடுப்பில் ஓமம் வறுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் மூன்று வீட்டு அழைப்பு பாக்கி.

"இனி ஒரு சோத்துப் பருக்க உங்கட வாயில போகாது."

"கூப்புட வந்தா என்னத்தச் சொல்ற?"

"நீங்க எழுதினதத்தான் சொல்ற."

கடையிலிருந்து ஒரு கெஜம் மஞ்சள் துணியை எடுத்து வாசற்கதவில் தொங்கவிட்டாள்.

(இவ்வளவு சாமர்த்தியசாலி இப்படியொரு பிழை செய்வாளா என்று தயங்கினேன். செய்வாள். விருந்துக்காரர்கள் இருபது முழம் விலகி, அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாள். கணவனின் நூலை அவள் பதினேழாம் விதியோடு மூடிவைத்தவள். விதி 18: கொடியைக் கண்டவர் உடனே அதிகாரிகளுக்கு அறிவிக்க.)

6

ஒன்பது மணிக்குத் தெருவில் கூட்டம். முன்வரிசையில் மர்ஸூக், தோள்துண்டால் வாயைப் பொத்தியபடி. "பிளேக்காம்" என்றார் ஒருவர். "கறுப்புப் பிளேக்" என்று திருத்தினார் இன்னொருவர். கதவிடுக்கில் எட்டிப் பார்த்த நானாவுக்கு முதலில் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், பேரானந்தம்.

"பாரு ஸுபைதா, சரியா இருபது முழம்!"

அப்போது சுகாதாரப் பரிசோதகர் குடையும் குறிப்புப் புத்தகமுமாக வந்து சேர்ந்தார்.

"நூலாசிரியரே, வீட்டுக்குள்ள என்ன நோய்? வாயத் திறந்து சொல்லும். சொல்லாட்டி வாசலப் பூட்டி, பதினாலு நாளைக்குக் காவல் போடுவன்."

பதினாலு நாள். ஸுபைதா பெட்டியைப் பார்த்தாள். அதன் கயிற்றில் புதிதாக ஒரு முடிச்சுப் போட்டாள். அதற்குத் தேவையே இல்லை.

நானாவின் நெஞ்சுக்குள் கணக்கு வேறாக ஓடியது. பதினாலு நாள் பூட்டினால் கப்பல் போய்விடும். கடல் தானாக விலகும், பழி பரிசோதகரின் தலையில். வாயைத் திறந்தால்? சுகாதார சிந்தாமணி எழுதியவருக்கு விருந்துச் சோற்றால் வயிற்றோட்டம் என்று ஊர் சிரிக்கும். பிளேக்கில் ஒரு கம்பீரம் இருந்தது. வட்டிலப்பத்தில் இல்லை.

7

முடிவு அ: நானா மௌனம் சாதிக்கிறார். பூட்டு விழுகிறது. அவளுக்குப் பத்தாவது வருஷம் தொடங்குகி—

(கிழித்துப் போட்டேன். ஸுபைதா என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.)

முடிவு ஆ: தம்பதிகள் பின்சுவர் ஏறிக் குதித்து—

(அந்த வயிற்றோடா?)

நான் மூன்றாவது முடிவைத் தேடிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே கருப்பம்மா வந்தாள். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாததால் துணி எடுக்க நடந்து வந்திருந்தாள். எழுத்துத் தெரியாது, ஆகவே நூலுக்குப் பயப்படவும் தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே கதவுக்குப் போய், மஞ்சள் துணியை விரலால் நெருடிப் பார்த்தாள்.

"மொதலாளி! இது கெசம் என்னா வெலங்க?"

கூட்டம் அலறியது. "தொடாத புள்ள! பிளேக்!"

"பிளேக்கா?" அவள் மூக்கைச் சுளித்து மோந்து பார்த்தாள். "கப்பலேறி வந்தப்ப எங்கள முகாம்ல அடைச்சு வச்சாங்க. நோவு கண்ட கொட்டாய் எப்புடி நாறும்னு எனக்குத் தெரியும். இங்க ஓமம் வறுத்த வாசம்ல வருது. யாருக்குங்க வயித்தால போகுது?"

தெருவே கதவைப் பார்த்தது.

ஆறு வருஷமாகத் தன்னிடம் சேலை எடுக்கும் ஒருத்தி கடல் தாண்டி வந்தவள் என்பது நானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்பத்து மூன்று விதிகளில் ஒன்றைக்கூட அவர் அவளிடம் கேட்டு எழுதியதில்லை. திரும்பி ஸுபைதாவைப் பார்த்தார். அவள் பெட்டியின் கயிற்றைக் கையில் பிடித்திருந்தாள். "போவோம்" என்று ஒன்பது வருஷமாகச் சொல்லி அலுத்தவள்.

கதவைத் திறந்தார்.

"எனக்குத்தான். பிளேக் இல்ல. வட்டிலப்பம். மர்ஸூக் வீட்டுல மூணு துண்டு." அதோடு நிறுத்தியிருக்கலாம். திறந்த வாய் மூடவில்லை. "எனக்குக் கடலெண்டாப் பயம். நாப்பத்து மூணு விதியும் அதாலதான் எழுதின."

உடனே மர்ஸூக் தோள்துண்டை உதறிக்கொண்டு முன்னால் பாய்ந்தார்.

"எங்கட வட்டிலப்பத்தில பழி போடாதீங்க, நானா! அஸீஸ் வீட்டு நெய்யில கோளாறு!"

"என்ட நெய்யா?" என்று பின்வரிசையிலிருந்து அஸீஸ் கூவினார். இருபது முழம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பத்தொன்பது வீட்டுக்காரர்களும் வாசலில் நின்று தத்தம் சமையலுக்காக வாதாடினார்கள். பரிசோதகர் குடையில் சாய்ந்து சிரித்தார். குறிப்புப் புத்தகத்தில் 'அஜீரணம்' என்று எழுதி, அடிக்கோடிட்டார்.

"பயமாங்க?" என்றாள் கருப்பம்மா. "ஏறுற வரைக்குந்தான் மொதலாளி. ஏறிட்டா வாந்தி எடுக்கவே நேரம் பத்தாது. பயப்பட ஏதுங்க நேரம்?"

ஸுபைதா சிரித்தாள். நானாவும் சிரித்தார். அப்புறம் நூலாசிரியர் தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தமக்குப் பதில் தெரியாத ஒரு சுகாதாரக் கேள்வி கேட்டார்.

"வாந்தி வந்தா என்ன செய்யோணும்?"

"உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி, கொஞ்சங் கொஞ்சமா. கீழ அடைஞ்சு கெடக்காம மேல வந்து காத்து வாங்கணும். கண்டவங்க சொம்புல வாய் வைக்கக் கூடாது. அம்புட்டுத்தாங்க. வெல சொல்லுங்க, பொழுது போகுது."

துணியை ஸுபைதா கழற்றி, மடித்து, அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

8

வியாழக்கிழமை. கொழும்புத் துறைமுகம். நான்கு நாள் கஞ்சியில் நானாவின் கன்னம் ஒட்டியிருக்கிறது. வயிறு அடங்கிவிட்டதாகத்தான் தோன்றுகிறது. விடியலில் அது ஒருமுறை முனகியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். சற்றுத் தள்ளிக் கடல். பார்த்துவிட்டார். ஓடவில்லை.

டாக்டரை நான் படைக்கப்போவதில்லை. கண்டிப்பானவரைப் படைத்தால் ஸுபைதா என்னை மன்னிக்கமாட்டாள். இளகியவரைப் படைத்தால், கதையில் வட்டிலப்பம் அதிகமாகிவிட்டது என்று நீங்களே சொல்வீர்கள். மேசை இருக்கிறது. நாற்காலி காலி. நானா நாக்கை நீட்டியபடி நிற்கிறார். அவர் பின்னால் ஸுபைதா, பெட்டியைக் கீழே வைக்காமல்.

வரிசை நீளம். உட்காருங்கள், டாக்டர்.