தின்னுலே

“நீ முழுகி எத்தனை மாசமாச்சுட்டி?”

கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தவனிடம் அம்மா வடிவாம்பாள் கேட்டாள். வீட்டுக்கும் ஸ்ரீவராகம் தெருவுக்கும் அவன் நாகலக்ஷ்மி, பத்தொன்பது வயதுப் பெண். தன் மனதுக்குள் மட்டும் அவன் அவனாகவே இருந்தான். அது வேறொருவருக்கும் தெரியாது.

போன வருஷம் டைபாய்டில் கிடந்தபோது உடம்பு வற்றி மாதவிலக்கு நின்றது. மார்பும் ஒட்டிப்போனது. வீட்டில் எல்லோரும் அழுதார்கள். அவனுக்கோ அதுவரை காணாத நிம்மதி. காய்ச்சல் போய்ச் சோறு உள்ளே போனதும் இரண்டும் திரும்பி வந்தன. அன்று பிடித்தது சோற்றின்மேல் பகை. இப்போது தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஒரு வாளி தண்ணீர் இறைத்தால் கண் இருட்டியது. கனவில்கூடச் சோறுதான் வந்தது.

பின்கட்டுச் சாய்ப்பில் நாலு மாசமாக விலக்குப் பாய் விரிக்கவில்லை என்பது அம்மாவுக்கு இன்றுதான் உறைத்தது. தலைமுழுகாத பெண்ணுக்கு ஊரில் ஒரே அர்த்தம்தான்.

“ஆருட்டி அவன்?”

“ஆருமில்லம்மா.”

“அப்பா அறிஞ்சா ரெண்டு பேரையும் வெட்டிப் போடுவாரு!”

மறுநாள் காலை, கோயிலில் ஒரு வேண்டுதல் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு, தெரிந்த முகம் இல்லாத வித்துராவுக்கு அவனை பஸ்ஸில் கூட்டிப்போனாள். அங்கே பேச்சி என்கிற மருத்துவச்சி அவன் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

“எக்கா, இதுல பிள்ளையுமில்ல, சோறுமில்ல. பட்டினி கெடந்தா தீட்டு நிக்கும். இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போனா ஆளே நின்னுபோவும்.”

வடிவாம்பாள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பேச்சி ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, கோழிக்குத் தீனி போடப் பின்பக்கம் போனாள். அம்மா மோர் ஊற்றிப் பிசைந்து உருண்டை பிடித்தாள்.

“தின்னுட்டி. தின்னா எல்லாம் பழையபடி வரும்.”

ஆறுதலாகத்தான் சொன்னாள். அவன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“வரவேண்டாம்னுதாம்மா திங்கல்ல.”

“கிறுக்கா பிடிச்சிருக்கு? பொம்பளைன்னா வராம இருக்குமா?”

“நான் பொம்பளை இல்லம்மா.”

உருண்டை அவன் வாயருகே நின்றது. மோர் வாசனையில் வாய் ஊறியது. அவனுக்குச் சாக விருப்பமில்லை.

“ஒரே ஒரு தடவை ‘ட்டி’ போடாம ‘தின்னுலே’ன்னு சொல்லும்மா. அண்ணன்கிட்டச் சொல்லுவியே, அது மாதிரி. ஆரும் கேக்க மாட்டாங்க. சொன்னா சத்தியமாட்டு திங்கேன். வாறது வரட்டும்.”

வடிவாம்பாள் அவன் முகத்தையே பார்த்தாள். உதடு லேசாகப் பிரிந்தது. அவனும் வாயைத் திறந்து காத்திருந்தான்.

அவள் உருண்டையைத் தட்டில் வைத்தாள். கையைக்கூடக் கழுவாமல் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி, பஸ் வரும் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.